படையெடுப்பு: உதவியா? உபத்திரவமா?

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நடக்க இருந்த படையெடுப்பைப் பற்றித் தீர்மானிக்கும் பொறுப்பு கோவில்பட்டி வைரமணி திருமண மகாலின் தலையில் விழுந்தபோது, நடுவர் சிகாமணி முதலில் கேட்டது, சாப்பாடு யார் பொறுப்பு என்பதுதான். உலக மன்றத்தின் பொறுப்பு என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டார். அப்புறம்தான் சங்கரகோமதிக்குப் போன் போட்டார்.

"கோமதி, ஒரு புரோகிராம் வந்திருக்கு. பதினேழாந்தேதி, சனிக்கெழம, காலைல பத்து மணி."

"எந்தக் கோயில் கொடை அண்ணாச்சி?"

"கொடை இல்லம்மா, சண்டை."

"யாரு வீட்டுச் சண்டை?"

"கார்வெல்னு ஒரு நாடு. லுமேரான்னு பக்கத்துல ஒரு பொடி நாடு. பெரியவன் சின்னவன் வீட்டுக்குள்ள பட்டாளத்தோட போகணும்னு நிக்கான். போகலாமா கூடாதான்னு நாமதான் சொல்லணுமாம்."

"நம்மகிட்ட எதுக்குக் கேக்காவ?"

"நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லேல்லா, அதனாலதான்."

அது நிஜம். யாரும் கேட்காமலே நடந்த மூன்று போர்களுக்குப் பிறகு உலக நாடுகள் உலக மன்றமாகக் கூடி ஒரு விதி செய்திருந்தன. எந்தப் படையும் எல்லை தாண்டும் முன், அந்தச் சண்டையோடு ஒட்டும் உறவும் இல்லாத ஐந்நூறு பேர் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். ஊரைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். வாதம் அந்த ஊர் வழக்கப்படியே நடக்க வேண்டும். போன முறை சீட்டு ஒரு மலைநாட்டுக்கு விழுந்து, அங்கே நான்கு நாள் எல்லோரும் தீயைச் சுற்றி உட்கார்ந்து பேசாமலே இருந்தார்களாம். இந்த முறை கோவில்பட்டி. கோவில்பட்டியின் வழக்கம் பட்டிமன்றம்.

சங்கரகோமதி சார்பதிவாளர் அலுவலகத்தில் உதவியாளர். அடுத்தவர் நிலத்துக்கு வில்லங்கச் சான்று தேடிக்கொடுத்துக்கொண்டே இருபத்திரண்டு வருடம் மேடையிலும் பேசியவள். 'சிரிப்பு மத்தாப்பு' என்று அவளுக்குப் பட்டம். பெற்றவர்க்கு மகிழ்ச்சி தருவது மகனா, மகளா என்ற தலைப்பில் திங்கட்கிழமை மகனுக்காகப் பேசி ஒரு ஊரை அழவைத்துவிட்டு, வியாழக்கிழமை மகளுக்காகப் பேசி அடுத்த ஊரை அழவைத்தவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. பேசி முடித்துத் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இதில் நான் எந்தப் பக்கம் என்று சில சமயம் தனக்குள் தேடிப் பார்ப்பாள். அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. அது பயமாகவும் இருக்கும், கொஞ்சம் சௌகரியமாகவும் இருக்கும்.

தலைப்பு வைப்பதற்கே இரண்டு நாள் ஆயிற்று. 'ஆயுதம் தாங்கிய அயல்நாட்டுத் தலையீட்டின் நியாயம் குறித்து' என்று உலக மன்றம் எழுதி அனுப்பியிருந்தது. சிகாமணி அதைப் படித்துவிட்டு, "இதுக்கு எவன் வருவான்? எதுகை இல்ல, மோனை இல்ல" என்று கிழித்துப் போட்டார். 'படையெடுப்பு: உதவியா? உபத்திரவமா?' என்று ஃபிளக்ஸ் அடித்தார்கள். ஃபிளக்ஸில் சிகாமணியின் படம் இரண்டு நாடுகளின் வரைபடத்தை விடவும் பெரியதாக இருந்தது.

உதவி அணி கோமதிக்கு விழுந்தது. உபத்திரவ அணி ஜெபகனி டீச்சருக்கு. ஜெபகனி டீச்சர் வேதியியல் ஆசிரியை. மேடையில் அவர் ஒரு தடவை கூடச் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு பட்டிமன்றத்திலும் அவர் பேசும்போதுதான் ஜனங்கள் எழுந்து டீ குடிக்கப் போவார்கள்.

*

வியாழக்கிழமை அலுவலகம் முடிந்ததும் கோமதி மண்டபத்துக்குப் போனாள். ஐந்நூறு நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு செப்புத் தகடு. ஹசீனா என்ற பொறியாளர் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். கோயம்புத்தூர்க்காரி.

"என்னம்மா, கல்யாணத்துக்கு எடம் பிடிக்கியா?"

"தகடு வேலை செய்யுதான்னு பாக்கறேங்க்கா. நீங்கதானே கார்வெல் சைடு?"

"நான் எந்த சைடும் இல்ல. சீட்டு விழுந்த சைடு. இது என்ன செய்யும்?"

"மனசு மாறுதான்னு பாக்கும்ங்க. ஒரு விஷயத்தைப் பத்தி நாம நினைக்கறது மாறும்போது உடம்புல சின்னதா ஒரு அசைவு வரும். நமக்கே தெரியாது. உள்ளங்கைக்குத் தெரியும். கை தட்டினாலோ விசில் அடிச்சாலோ கணக்குல வராது." மேடைக்கு மேலே இருந்த பெரிய திரையைக் காட்டினாள். அதில் நட்டநடுவே ஒரு முள் நின்றது. "மனசு கார்வெல் பக்கம் நகர்ந்தா முள்ளு இடது பக்கம் போகும். லுமேரா பக்கம்னா வலது பக்கம்."

"நான் வரலேன்னா?"

"கார்வெல்காரங்க எழுதிக் கொடுத்ததை மிஷின் வாசிக்கும். இதுவரைக்கும் ரெண்டு எடத்துல மிஷின் வாசிச்சிருக்குங்க்கா. ரெண்டுலயும் அதுதான் ஜெயிச்சுது."

"நம்மள விட நல்லாப் பேசுமோ?"

"நல்லா எல்லாம் இல்லீங்க. யாரும் அதைப் பாத்து சந்தேகப்படலை, அவ்வளவுதான்."

கோமதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தகட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. முள் அசையவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக்காரி நின்றாள். ஐம்பது வயது இருக்கும். கனத்த தோள்கள், கழுத்தில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அவள் ஏதோ சொன்னாள். பெட்டி தமிழில் சொன்னது.

"வணக்கம். என் பெயர் தெமீரா. லுமேரா நாட்டின் பார்வையாளராக வந்துள்ளேன். தங்களுடன் சில மணித்துளிகள் உரையாட விழைகிறேன்."

"ஐயோ, இதென்ன செய்தி வாசிக்க மாதிரி பேசுது! உள்ள வாங்க. சாப்ட்டீங்களா?"

இட்லி வைத்தாள். தெமீரா எள்ளுப்பொடியைத் தயக்கத்தோடு தொட்டு நக்கிவிட்டு, கண்ணில் நீர் வர மேலும் கேட்டாள்.

"நீங்க என்ன, தூதரா?" என்றாள் கோமதி.

"இல்லை. நான் பேருந்து ஓட்டுநர். ஒன்பதாம் எண் வழித்தடம். எங்கள் வெளியுறவுத் துறையில் அனைவரும் உடல்நலக் குறைவு என்று விடுப்பு எழுதிவிட்டுக் குடும்பத்துடன் எங்கோ சென்றுவிட்டனர். ஆகவே குடிமக்களிடையே சீட்டுக் குலுக்கினர்."

"எல்லா ஊர்லயும் சீட்டுதானா!"

தெமீரா சிரித்தாள். அகலமான சிரிப்பு. கீழ்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை. கோமதி அங்கே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, விரலால் தொட்டுக் காட்டினாள்.

"எங்கள் அதிபரைப் பற்றித் தாங்கள் நாளை எதைக் கூறினாலும் அது உண்மையாகவே இருக்கும். ஒருமுறை என் பேருந்தில் அவருடைய படத்தை ஒட்ட மறுத்தேன். நாற்பது நாள் சிறையில் இருந்தேன். பற்கள் அங்கே தங்கிவிட்டன."

"அப்ப அவன் போனா நல்லதுதானே?"

"அவர் போவது நல்லது. இவர்கள் வருவது வேறு." பெட்டி ஒரே குரலில் சொன்னது, தெமீராவின் குரலோ ஏறி இறங்கியது. "என் வழித்தடம் ஒரு பாலத்தைக் கடக்கிறது. கார்வெல் நுழைந்தால் முதலில் அந்தப் பாலத்தை மூடும். முன்னொரு முறை அவ்வாறே செய்தது. எட்டு ஆண்டுகள் மூடியிருந்தது. என் மகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் செவிலியர் பயிற்சியில் இருக்கிறாள். இந்தப் பக்கம் என் வீடு."

கோமதி அடுத்த இட்லியை எடுத்த கையோடு நின்றாள்.

"தங்கள் காணொளிகளைப் பார்த்தேன்," என்றது பெட்டி. "தாங்கள் மிகச் சிறந்த பேச்சாளர். ஆகவே ஒரு வேண்டுகோள். நாளை மோசமாகப் பேசுங்கள்."

கோமதிக்குள் முதலில் எழுந்தது இரக்கம் இல்லை. கோபம். இருபத்திரண்டு வருடமாகத் தொண்டை வறண்டு, பேருந்தில் தூங்கி, கோயில் வாசல்களில் கொசுக்கடியோடு நின்று சேர்த்ததை ஒருத்தி வந்து தன் இட்லியைத் தின்றபடியே கீழே போடச் சொல்கிறாள். அந்தக் கோபம் இரண்டு நொடிதான் இருந்தது. ஆனால் அது வந்த வேகத்தைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. இவள் மகளைக் கேட்கிறாள், நான் கைதட்டலைப் பார்க்கிறேன்.

"பேசிருவேன்," என்றாள். "மோசமாப் பேசுறது என்ன பெரிய வித்தையா? நாட்டுல முக்காவாசிப் பேரு அதத்தான செய்யுதான்."

பெட்டி அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. தெமீரா கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த கை.

*

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்நூறு பேரில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் நேரத்துக்கு வந்திருந்தார்கள். பாக்கி இரண்டு பேர் டிபன் முடித்து வந்தார்கள். தகட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஹசீனா ஒலிபெருக்கியில் சொன்னபோது, "மூக்கு அரிச்சா?" என்று ஒரு குரல் வந்தது.

முன்வரிசையில் ஒரு பக்கம் தெமீரா. மறுபக்கம் கார்வெல் பார்வையாளர் ஓர்வின். ஓர்வின் பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டே நாளில் பாதி ஊருக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது.

சிகாமணி தொடங்கினார். "பெரியோர்களே, தாய்மார்களே! ரெண்டு நாட்டுச் சண்டையத் தீத்து வைக்க என்னையக் கூப்பிட்டிருக்காவ. எங்க வீட்டுச் சண்டைக்கு என்னைய யாரும் கூப்பிட மாட்டாவ. ஏன்னா அதுல நான்தான் எதிரி!" சிரிப்பு. முள் அசையவில்லை.

கோமதி எழுந்தாள். எல்லோரும் சிரிப்பதற்குத் தயாராக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் கையில் ஒரு தாள். மேடையில் அவள் தாள் வைத்துப் பேசியதே இல்லை. கார்வெல் கொடுத்த காரணங்களை எழுத்துக் கூட்டி வாசிப்பவள் போல வாசித்தாள். சட்ட ஒழுங்கு. நிலைத்தன்மை. அண்டை நாட்டின் பாதுகாப்பு. குரலில் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தாள். நடுவில் தாளில் இடம் தவறிப்போய் நின்றாள்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த அமைதி அவளுக்குப் பழக்கமில்லாதது. சிரிப்பில்லாத ஒரு கூட்டத்தின் முன் அவள் எப்போதும் நின்றதில்லை. எதையாவது சொல்லி அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும் போல இருந்தது. சிரிப்புக் கதைகளையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த ஊர்ல ஒரு டிரைவர்," என்றாள். "பொம்பள. பஸ்ஸுல அதிபர் படத்த ஒட்ட மாட்டேன்னுட்டா. நாப்பது நாள் உள்ள வச்சுட்டான். பல்லு..." நிறுத்தினாள். "வேண்டாம். அத நான் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு முன்வரிசையைப் பார்த்தாள். தெமீரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதி தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டல் இல்லை. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கோமதி திரையை அண்ணாந்து பார்த்தாள். முள் இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"எம்மா கோமதி!" என்று சிகாமணி மைக்கை மூடிக்கொண்டு கிசுகிசுத்தார். "இத்தன வருசத்துல நீ இப்படிப் பேசி நான் பாத்ததில்ல. மயிரு கூச்செறியுது."

இருபத்திரண்டு வருடம் சிரிக்கவைத்த ஒருத்தி சிரிக்காமல் நின்றால் ஊர் என்ன நினைக்கும்? மத்தாப்பே அழுகிறது என்றால் விஷயம் உண்மை என்று நினைக்கும். இதை அவள் முன்பே யோசித்திருக்க வேண்டும். மோசமாகப் பேசுவது பெரிய வித்தைதான். அவளுக்கு அது தெரியவில்லை.

அடுத்து ஜெபகனி டீச்சர். வழக்கம்போல இரண்டு பேர் டீ குடிக்க எழுந்தார்கள். ஹசீனா ஓடிப்போய் உட்காரவைத்தாள். அதுதான் வினையாயிற்று, அல்லது நன்மையாயிற்று. ஜெபகனி டீச்சரை முதல் தடவையாக ஒரு கூட்டம் கடைசி வரை உட்கார்ந்து கேட்டது.

"நான் பாடம்தான் நடத்துவேன். எனக்கு வேற தெரியாது," என்று தொடங்கினார் டீச்சர். "ஒரு டம்ளர் தண்ணில உப்பப் போட்டுக் கலக்கியாச்சு. இப்ப உப்ப மட்டும் வெளிய எடுக்கணும். என்ன செய்வீங்க? பத்தாங்கிளாஸ் கேள்வி. கொதிக்க வைக்கணும். வத்த வத்தக் கொதிக்க வைக்கணும். கடைசில உப்பு அப்படியே இருக்கும். தண்ணிதான் இருக்காது." கொஞ்சம் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உள்ள வந்த பட்டாளம் வெளிய போன கதையெல்லாம் இப்படித்தான். பட்டாளம் முழுசாப் போயிரும். நான் தண்ணியப் பத்திப் பேச வந்திருக்கேன்."

முள் மெல்ல இறங்கி நடுவுக்கு வந்தது. இரண்டாவது சுற்றில் டீச்சருக்குத்தான் முதல் வாய்ப்பு. பத்து நிமிடம் பேசினார். ஒரு பாலம் மூடப்பட்டால் ஒரு ஊரில் என்னென்ன நின்றுபோகும் என்று கரும்பலகையில் எழுதுவது போல வரிசையாகச் சொன்னார். முள் வலது பக்கம் போய், முக்கால் தூரத்தில் நின்றது. தெமீரா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

கடைசிச் சொல் கோமதிக்கு. பன்னிரண்டு நிமிடம்.

எழுந்து நடந்த நான்கு எட்டில் அவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள். தாளை வாசித்தால் முள் மறுபடி இடப்பக்கம் ஓடும். பேசாமல் நின்றால் இன்னும் வேகமாக ஓடும். தான் சிரிக்கவைத்தபோது மட்டும்தான் யாருடைய மனமும் எந்தக் காலத்திலும் மாறியதில்லை. இத்தனை வருடம் மகனுக்கும் மகளுக்கும், மண்ணுக்கும் பொன்னுக்கும் அவள் பேசி, ஊர் ஊராகச் சிரித்துவிட்டு, போன மாதிரியே வீட்டுக்குப் போனார்கள். அதை நினைத்து எத்தனையோ முறை மனம் சோர்ந்திருக்கிறாள். இன்றைக்கு அதுதான் வேண்டும். அப்படியே முள் நடுவுக்கே வந்தாலும் என்ன? பதிவாகாத பத்திரம் செல்லாது. யாரும் மனம் மாறவில்லை என்றால் இடம் கைமாறாது. லுமேரா லுமேராக்காரனுக்கு.

"டீச்சர் உப்புத் தண்ணி குடுத்தாவ," என்றாள், இடுப்பில் கை வைத்து. "குடிச்சவுகளுக்கெல்லாம் கொமட்டுதுல்லா? நம்ம கடைக்கு வாங்க. நான் சொல்லுதேன், ஒரு வீட்டுக்குள்ள வெளியாளு வந்தா எவ்வளவு நல்லதுன்னு!"

மண்டபம் நிம்மதியாக மூச்சு விட்டது. இதற்காகத்தானே வந்தார்கள்.

"எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல எங்க வீட்டுக்காரரோட அத்தை வந்தாவ. உதவிக்கு! பத்தே நாளு. கையில ஒரு பை, அவ்வளவுதான். மொத நாளு முன்ரூம்ல கட்டில் ஓரமா உக்காந்தாவ. ரெண்டாம் நாளு கட்டில் அவுகளது. மூணாம் நாளு ரூமு அவுகளது. நாலாம் நாளு நான் எங்க வீட்டு ஃபிரிட்ஜத் தொறக்கேன், 'யாரு அது?'ன்னு சத்தம் வருது!"

சிரிப்பு சுவர்களில் மோதியது. ஓர்வின் தொடையில் தட்டிச் சிரித்தார். முள் வலது பக்கத்திலிருந்து மெல்ல நகரத் தொடங்கியது. டீச்சர் மனதில் ஏற்றியது, சிரிக்கச் சிரிக்க இறங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிடம். முள் இன்னும் நடுவுக்கு வலப்புறம்தான் இருந்தது, ஒரு விரல்கடை. கோமதி அதைப் பார்த்தாள். இங்கேயே கும்பிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது அவளுக்கு.

ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். கதையின் உச்சம் இன்னும் வரவில்லை. காலையில் அந்த அமைதியின் முன் நின்றபோது அவளுக்குள் வற்றிப்போயிருந்தது எதுவோ அது திரும்பவும் ஊறிக்கொண்டிருந்தது. நடுவில் நின்றாலும் ஒன்றும் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அத்தை உப்பு டப்பாவைப் பிடித்த கதை, டிவி ரிமோட்டைப் பிடித்த கதை, வீட்டுக்காரர் குளிக்கப் போக அனுமதிச் சீட்டு வாங்கிய கதை. பதினோரு வருடம். பன்னிரண்டாவது நிமிடத்தில், ஆட்டோ வாசலில் வந்து நின்றதைச் சொன்னபோதே மண்டபம் வெடித்துவிட்டது. கடைசி வரியை அவள் சொன்னாள். கூரை அதிர்ந்த சத்தத்தில் அது பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. கேட்கத் தேவையும் இல்லை.

முள் நட்டநடுவில், நாற்காலிகள் வந்து இறங்கிய நாளில் நின்றது போலவே நின்றது.

சிகாமணி தீர்ப்புக்கு எழுந்தார். நடுவரின் தீர்ப்பு கணக்கில் சேராது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வந்திருக்கவில்லை. இருபது நிமிடம் இரண்டு அணியையும் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு, "உதவி போலத் தோன்றினாலும் படையெடுப்பு உபத்திரவமே, உபத்திரவமே, உபத்திரவமே!" என்று முடித்தார். பலத்த கைதட்டல்.

பிறகு ஹசீனா மைக்கைப் பிடித்தாள். முகம் வெளிறியிருந்தது. "ஐந்நூறு பேரில் நுழையலாம் என்போர் முந்நூற்று முப்பத்தெட்டு. நுழையக் கூடாது என்போர் நூற்று அறுபத்திரண்டு. கார்வெலுக்கு அனுமதி."

அதற்கும் பலத்த கைதட்டல்.

*

மேடைக்குப் பின்னால், மணமகள் அறையில், கோமதி ஹசீனாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முள்ளு நடுவுலதான நின்னுச்சு?"

"ஆமாங்க்கா."

"யாரும் மனசு மாறலேல்லா?"

"ஒருத்தர் கூட மாறலை. காலைல வந்து உக்காந்தப்ப என்ன நினைச்சாங்களோ, போறப்பவும் அதேதான். முள்ளு நகர்ந்ததை மட்டும்தான் காட்டும். எங்கிருந்து கிளம்பினாங்கங்கறதைத் தகடு தனியா குறிச்சு வச்சுக்கும், முள்ளு காட்டாது."

"வரும்போதே... முந்நூத்தி முப்பத்தெட்டுப் பேரா?"

"ஆமா."

"ஏன்? அவுகளுக்கு என்ன வந்துச்சு? லுமேரா எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"பாதிப் பேருக்கு மேல தெரியாதுங்க. ஏன்னு மிஷினுக்குத் தெரியாது. தட்டிக் கேக்க ஒரு பெரியாள் உள்ள போனா நல்லதுதானேன்னு இருக்கலாம். எல்லா ஊர்லயும் ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பிக்குது."

"இத ஏன் நீ எங்கிட்ட சொல்லல?"

"பேசறவங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு விதி. ஆனா நீங்க கேட்டிருந்தா, சொல்ல மாட்டேன்னாவது சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவே இல்லையேங்க்கா."

கேட்கவில்லை. பத்திரம் பதிவாகாவிட்டால் நிலம் பழையவனுக்கே என்பது அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படித்த நாளிலிருந்து தெரியும். மனிதர்கள் வெறுங்கையோடு வந்து உட்காருவார்கள் என்று நம்பிவிட்டாள், தன்னைப் போல.

"நாலாவது நிமிசத்துல," என்றாள் மெதுவாக. "நான் உக்காந்திருந்தா?"

ஹசீனா கையிலிருந்த கருவியைப் பார்த்தாள். பிறகு அதைப் பையில் போட்டு மூடினாள். "அதைக் கேக்காதீங்க்கா," என்றாள்.

வெளியே போகும் வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தினார்கள். ஓர்வின் ஒரு பொன்னாடையைப் பிரித்து அவள் தோளில் போட்டு, குனிந்து கும்பிட்டார், போட்டோ எடுத்தார்கள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்த பெண் ஓடி வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, வயிறெல்லாம் புண்ணாப் போச்சுக்கா. அந்த அத்தை! எங்க மாமியா அப்படியேதான். ஆமா, அது எந்த நாடுக்கா?"

"லுமேரா."

"பாவம்லா," என்றாள் அந்தப் பெண், போட்டோ சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே.

மண்டப வாசலில், வாழைமரம் கட்டிய தூணுக்குப் பக்கத்தில், தெமீரா தன் பெட்டியோடு காருக்காக நின்றுகொண்டிருந்தாள். கோமதி பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள். வழியெல்லாம் வார்த்தை தேடியிருந்தாள். பற்களைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பதா, நிறுத்தாமல் போனதற்கா? நான்காவது நிமிடத்தைப் பற்றி இவளிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா?

தெமீராதான் முதலில் பேசினாள். பெட்டி சொன்னது:

"நானும் சிரித்தேன்."

கோமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கதையின் முடிவு எனக்குக் கிடைக்கவில்லை. சத்தத்தில் பெட்டி நின்றுவிட்டது. வாசலில் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. அதன்பின் என்ன நிகழ்ந்தது?"

"அது... சும்மா கதைதான். அது எதுக்கு இப்ப?"

"கூறுங்கள்."

கோமதி சொன்னாள். அந்த வரியை ஐம்பது மேடையில் சொல்லியிருக்கிறாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணை உருட்ட வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். இப்போது எதையும் செய்யாமல், மனு எழுதச் சொல்பவள் போலச் சொன்னாள்.

"ஆட்டோ வந்து நின்னுச்சு. அத்தை ஊருக்குப் போறாவன்னு தெருவே வந்து வேடிக்க பாக்குது. ஆட்டோல மூட்ட முடிச்சோட ஏறுனது நானும் எங்க வீட்டுக்காரரும். அத்தை வாசல்ல நின்னு கையக் காட்டிச் சொல்லுதாவ: 'அப்பப்ப வந்து போங்க. இத ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க.'"

பெட்டி அதைத் தெமீராவின் மொழியில் நிதானமாகச் சொல்லி முடித்தது. கார் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிக் கதவைத் திறந்தான். தெமீரா ஏறவில்லை. உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பவள் போலக் காரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த வண்டியில் எவ்வளவு பொருள் ஏற்றிக்கொள்ள முடிந்தது?"